வெட்டிக்கும் தன்னார்வத்துக்கும் நடுவில்

கூலி கொடுக்காமல் வாங்கும் உழைப்புக்குத் தமிழில் ஒரு பழைய சொல் இருக்கிறது: வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரிப் பெயர்களோடு சேர்ந்து அடிக்கடி வரும் சொல். நெல்லாகவோ காசாகவோ கட்டாமல், உடம்பால் கட்ட வேண்டிய வரி அது. ஏரிக்கு மண் சுமப்பது, வாய்க்கால் வெட்டுவது மாதிரியான வேலைகள். இன்றைக்கு நாம் "வீட்டுல சும்மா வெட்டியாதான் இருக்கேன்" என்கிறோம். ஓய்வே இல்லாமல் வேலை வாங்கப்பட்ட ஆட்களின் சொல், வேலையே இல்லாமல் உட்கார்ந்திருப்பதற்கான சொல்லாகிவிட்டது. பலன் யாருக்கோ போகிற உழைப்பைச் செய்தவனுக்கு அது வீண்தானே. மக்கள் அந்த அர்த்தத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

கூலி இல்லாத உழைப்புக்கு இன்னொரு சொல்லும் இப்போது இருக்கிறது: தன்னார்வம். இது புதுசு, பளபளப்பானது, டி-ஷர்ட்டில் அச்சடிக்கலாம். "வெட்டி" என்று யாரும் முதுகில் எழுதிக்கொண்டு போகமாட்டார்கள்.

இரண்டிலும் காசு கிடையாது. இரண்டிலும் பெரும்பாலும் அதே ஏரிக்கரைதான். வித்தியாசம் அந்தத் "தன்" என்ற சின்ன முன்னொட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அந்தத் "தன்" யார் என்பதுதான் என் கேள்வி.

படூர்ப் பக்கம் சனிக்கிழமை காலையில் போயிருப்பவர்களுக்குத் தெரியும். பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரி சிப்காட்டைத் தாண்டியதும் வரும் ஊர். இந்தப் பக்கம் கல்லூரி, அந்தப் பக்கம் அடுக்குமாடிகள், நடுவில் பி.ஜி. ஹாஸ்டல்களும் பிரியாணிக் கடைகளும். கொஞ்சம் தெற்கே கேளம்பாக்கம். அங்கே கிழக்கே திரும்பி உப்பங்கழியைத் தாண்டினால் கோவளம். நாவலூர், சிறுசேரி, படூர், தையூர் என்று இந்த வரிசையில் எல்லா ஊருக்கும் ஒரு ஏரி உண்டு. செங்கல்பட்டு மாவட்டமே ஏரிகளின் மாவட்டம் என்றுதான் பெயர் வாங்கியது. இந்த ஏரிக்கரைகளிலும் கோவளம் கடற்கரையிலும்தான் ஒரே நிற டி-ஷர்ட் போட்டவர்கள் கையுறையோடு இறங்குகிறார்கள். பனை விதை நடுகிறார்கள், பிளாஸ்டிக் பொறுக்குகிறார்கள், அரசுப் பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்கள். பேனர் பிடித்து ஒரு படம். பத்தரை மணிக்கு இட்லி பொங்கல் பார்சல். பன்னிரண்டுக்குப் பேருந்து.

இதைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். இணையத்தில் அந்தச் சிரிப்பு நிறையவே கிடைக்கிறது. நான் அந்தக் கூட்டத்தில் சேர விரும்பவில்லை, ஏனென்றால் போனவர்கள் பலர் உண்மையிலேயே சந்தோஷமாகத் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஐ.டி. வேலையில் முடிவு என்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரு டிக்கெட்டை மூடினால் இரண்டு திறக்கும். ஆறு மாதம் உயிரைக் கொடுத்துச் செய்த மாட்யூலை, "இந்த ரிலீசுல வேண்டாம்" என்று ஒரு அழைப்பில் தூக்கிப் போடுவார்கள். ஏரிக்கரையில் அப்படி இல்லை. காலையில் குப்பையாக இருந்த இருபது அடி மதியம் சுத்தமாக இருக்கும். முதுகு வலிக்கும். கை தொட்ட இடத்தில் ஏதோ மாறியிருக்கிறது என்ற அந்த நிறைவு பொய்யில்லை. பக்கத்து டீமில் மூன்று வருஷம் முகம் மட்டுமே தெரிந்த ஒருவர் மண்வெட்டி பிடிக்கிற லாவகத்தைப் பார்த்து, "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டு, இவரும் திருவண்ணாமலைப் பக்கத்து விவசாயி மகன்தான் என்று தெரிந்துகொள்வதெல்லாம் அங்கேதான் நடக்கிறது. கேன்டீனில் அது நடக்கவில்லை. இதற்குக் காரணமான மனிதவளத் துறையை அந்த அளவுக்குப் பாராட்டத்தான் வேண்டும்.

சிக்கல் மின்னஞ்சலில் தொடங்குகிறது. நான் முன்பு இருந்த ஒரு நிறுவனத்தில் வந்த மின்னஞ்சல்கள் எல்லாம் ஒரே அச்சு. முதல் பத்தியில் "விருப்பமுள்ளவர்கள் பதிவு செய்யலாம்". மூன்றாம் பத்தியில் "ஒவ்வொரு டீமிலிருந்தும் குறைந்தது ஐந்து பேர்". இந்த இரண்டு வாக்கியமும் ஒரே தாளில் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்பது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம். டீம் லீடு வந்து மெதுவாகச் சொல்வார்: "கட்டாயம்லாம் இல்லப்பா. ஆனா நாலு பேருதான் ஆகுது. நீ ஒருத்தன் வந்தா முடிஞ்சுது." அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே ஒருவர் எக்செல் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "ஆர்வம்" அந்த எக்செல் தாளில் இருக்கிறது. "தன்" மட்டும் எங்கோ நடுவழியில் இறங்கிவிட்டது.

அரசாங்கமே ஒருமுறை இந்தக் கேள்வியில் தடுமாறியிருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் 135-ஆம் பிரிவு, ஒரு அளவுக்கு மேல் சொத்தோ விற்றுமுதலோ லாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நடைமுறைக்கு வந்தது 2014 ஏப்ரல் 1. உடனே நிறுவனங்களுக்கு ஒரு சந்தேகம்: எங்கள் ஊழியர்கள் ஏரி சுத்தம் செய்யப் போகும் நேரத்துக்கும் நாங்கள்தானே சம்பளம் கொடுக்கிறோம், அதையும் இந்தக் கணக்கில் எழுதலாமா? 2014 ஜூனில் வந்த சுற்றறிக்கை, எழுதலாம் என்றது. செலவிட்ட மணி நேரத்துக்கு ஏற்ப அந்த அளவு சம்பளத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். 2016 ஜனவரியில் வந்த விளக்கம் இதை மாற்றியது. ஊழியர்களை ஈடுபடுத்துங்கள், அது நல்லது, ஊக்குவிக்கத் தகுந்தது. ஆனால் அவர்கள் இலவசமாகத் தரும் சேவையை ரூபாயாக்கிக் கணக்கில் காட்டக் கூடாது.

வறண்ட அரசு மொழிக்குள் ஒரு நல்ல அறவியல் விவாதமே நடந்திருக்கிறது பாருங்கள். முதல் சுற்றறிக்கையின்படி அந்தச் சனிக்கிழமை நிறுவனத்தின் சொத்து. அவர்கள் வாங்கிய நேரம், அவர்கள் தானம் செய்கிறார்கள். இரண்டாவது விளக்கத்தின்படி அது ஊழியர் கொடுத்தது. கொடுத்தவர் இன்னொருவர் இருக்கும்போது அதை உன் கணக்கில் எழுதாதே. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் பணக் கணக்கில் எழுத முடியாததை வேறொரு கணக்கில் எழுதலாமே. ஆண்டறிக்கையின் வழவழத் தாளில் பச்சை டி-ஷர்ட் படம் வரும், கீழே "எங்கள் நிறுவனம் இத்தனை ஆயிரம் மணி நேரம் தன்னார்வப் பணி" என்று இருக்கும். அங்கே "எங்கள்" வந்துவிடுகிறது, "தன்" போய்விடுகிறது.

வரமாட்டேன் என்று சொல்ல முடியுமா என்பதுதான் முதல் சோதனை. பாரிசில் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் இது நீதிமன்றம்வரை போனது. "ஜாலியாக இரு" என்பது அந்த நிறுவனத்தின் கொள்கை. வார இறுதிக் கொண்டாட்டங்கள், குடி, கூத்து. ஒரு ஊழியர் கலந்துகொள்ள மறுத்தார். 2015-இல் வேலையை விட்டு நீக்கினார்கள். அவர் டீமோடு ஒட்டவில்லை என்பதும் காரணங்களில் ஒன்று. 2022 நவம்பரில் பிரான்சின் உச்ச நீதிமன்றம், அந்த மறுப்பு அவருடைய கருத்துச் சுதந்திரத்துக்குள் வருவது, அதற்காக நீக்க முடியாது என்று சொன்னது. ஜாலியாக இல்லாமல் இருக்க ஒரு மனிதனுக்கு உரிமை உண்டு என்பதை நிலைநாட்ட ஏழு வருஷம்!

நம் ஊரில் இந்த வழக்கு வராது. நாம் மறுக்கவே மாட்டோம். "எத்னிக் டே"க்கு வேட்டி கட்டச் சொன்னால் கட்டுவோம். பொங்கலுக்குக் கண்ணாடிக் கட்டிடத்தின் வாசலில் மின்சார அடுப்பில் பானை வைத்து "பொங்கலோ பொங்கல்" கத்தச் சொன்னால் கத்துவோம். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு 1983-இல் எழுதிய புத்தகத்தில், விமானப் பணிப்பெண்களின் புன்னகை எப்படிச் சம்பளத்துக்குள் அடங்கிய வேலையாகிறது என்று விளக்கினார். உணர்ச்சி உழைப்பு என்று அதற்குப் பெயர் வைத்தார். அங்கே புன்னகை பயணிக்காக. இங்கே சக ஊழியருக்காகவும் மேனேஜருக்காகவும் "நான் இந்தக் குடும்பத்தில் ஒருவன்" என்ற முகத்தைத் தயாரிக்க வேண்டியிருக்கிறது. ரிசார்ட்டில் கயிறு இழுக்கும் போட்டியில் தோற்றவருக்கு மறுநாள் அப்ரைசல் இருக்கும்போது, அந்தக் கயிறு வெறும் கயிறு இல்லை.

இதுவரை நான் சொன்னதை வைத்து, கட்டாயம்தான் குற்றம், விருப்பம் இருந்தால் எல்லாம் சரி என்று முடித்துவிடலாம். பெரும்பாலான கட்டுரைகள் அங்கே முடித்துவிடுகின்றன. ஆனால் இந்த ஏரிகளின் வரலாறு அப்படி முடிக்க விடுவதில்லை.

ஏனென்றால் இந்த ஏரிகள் விருப்பத்தால் காப்பாற்றப்பட்டவை அல்ல. குடிமராமத்து என்று இன்று நாம் நெகிழ்ந்து பேசுகிற வழக்கம், ஊரார் கூடி வருஷா வருஷம் தூர் எடுத்து, மதகைச் சரிசெய்து, கரையை உயர்த்தியது, தன்னார்வம் கிடையாது. வீட்டுக்கு ஒரு ஆள் என்றால் ஒரு ஆள்தான். அனுப்பாவிட்டால் தண்டம். அந்த வழக்கம் குலைந்தபோது 1858-இல் ஆங்கிலேய அரசு சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே பெயர் வைத்து ஒன்றைப் போட்டது: கரை உடைகிற நிலையில் அதிகாரி ஊராரைக் கூப்பிட்டால் வந்தே ஆக வேண்டும். 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதில் பழைய வழக்கத்தின் கட்டாயமும் இல்லை, பெரும்பாலான இடங்களில் "குடி"யும் இல்லை, பொக்லைன் இருந்தது.

கட்டாயம் இருந்தும் பழைய ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருந்ததாக நமக்குத் தோன்றுவதற்குக் காரணம் சுலபம். மண் சுமந்தவனின் வயலுக்கு அந்தத் தண்ணீர் போனது. உழைப்புக்கும் பலனுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் தூரம்தான். திருக்குறளில் ஒப்புரவறிதல் 22-ஆம் அதிகாரம், ஈகை 23-ஆம் அதிகாரம். இரண்டையும் வள்ளுவர் தனித்தனியாக வைத்ததில் எனக்கு எப்போதும் ஆச்சரியம் உண்டு. ஈகை இல்லாதவருக்குக் கொடுப்பது. மேலிருந்து கீழே போவது. ஒப்புரவு ஊரோடு ஒத்து வாழ்பவன் செய்ய வேண்டிய கடமை. அதற்கு மழையையும் ஊருணியையும் உவமையாகக் கொண்டுவருகிறார். ஊருணிக்கு அருகில் கொடுப்பவர் வாங்குபவர் என்ற பிரிவு மங்கிவிடும். எல்லோரும் குடம் கொண்டுவருவார்கள். ஏரி வேலை ஒப்புரவின் பக்கம் சேர வேண்டியது. நிறுவனங்கள் அதை ஈகையாக மாற்றிவிட்டன.

இந்த வரி எனக்கே கொஞ்சம் அழகாகத் தெரிவதால் சந்தேகமாக இருக்கிறது. எல்லோரும் குடம் கொண்டுவந்தார்களா?

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்ததை விவரிக்கின்றன. ஏரி வாரியம் என்றே தனியாக ஒன்று, அதற்கு ஆறு பேர். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் ஏரிக்கு ஒரு குழு! கணக்கு ஒப்படைக்காதவனும் அவன் உறவினர்களும் மறுபடி உறுப்பினராக முடியாது என்ற விதியும் உண்டு. பள்ளிப் பாடப் புத்தகத்தில் நாம் பெருமையோடு படித்தது. அதே கல்வெட்டில் தகுதிகளும் இருக்கின்றன: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள், வேதம் படித்திருக்க வேண்டும். பிராமண ஊர்ச் சபை அது. கூடையில் மண் சுமந்தவன் பெயர் அந்தக் குடத்துக்குள் ஓலையாக விழுந்திருக்க வாய்ப்பே இல்லை. ஏரியைப் பற்றி முடிவெடுத்தவர்கள் ஆறு பேர். வெட்டி செய்தவர்கள் யார் யாரோ. பிற்காலத்திலும் இதே கதைதான் நீண்டது. மதகைத் திறந்து அடைக்கிற, வாய்க்காலைக் காவல் காக்கிற, உடைப்பில் முதலில் இறங்குகிற வேலை பல ஊர்களில் ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட சாதியினரின் தலையில்தான் இருந்தது. அதற்கு உரிமை என்று ஒரு கௌரவப் பெயரும் கொடுத்திருந்தார்கள். நெல் கொஞ்சம் கிடைக்கும். ஊருணியில் குடம் வைக்கும் உரிமை கிடைக்காது.

ஆக, கேள்வியை நான் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கட்டாயமா விருப்பமா என்பதோடு நிற்காமல், யார் வேலை செய்கிறார்கள், யார் பெயர் பட்டியலில் வருகிறது என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டதும் நேராக நம் அலுவலகத்துக்குள் வந்து நிற்போம்.

தன்னார்வ நாளுக்கான பதிவுப் படிவத்தில் முதல் கட்டம் "எம்ப்ளாயி ஐடி". ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கு அந்த எண் இல்லை. அவருக்கு ஒரு அடையாள அட்டை உண்டு, வேறு நிறக் கயிற்றில், வேறு நிறுவனத்தின் பெயரோடு. பேன்ட்ரியில் தேநீர் தரும் தம்பிக்கும், வாசலில் பையைத் திறந்து பார்க்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கும், இரவு வண்டி ஓட்டும் டிரைவருக்கும் அப்படியே. கண்ணகி நகரிலிருந்தும் செம்மஞ்சேரியிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் விடியற்காலையில் பேருந்து பிடித்து இந்தச் சாலையின் கண்ணாடிக் கட்டிடங்களுக்கு வருகிற பெண்கள் எத்தனையோ பேர். 2000 முதல் நகரத்தின் ஆற்றோரக் குடிசைகளிலிருந்து பெயர்த்து அங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டவர்கள். நீர்நிலையைச் சுத்தம் செய்வதற்காக அப்புறப்படுத்தப்பட்டவர்கள் என்று அரசு கோப்புகளில் இருக்கும். நீர்நிலையைச் சுத்தம் செய்ய நாம் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு கிளம்பும்போது, நாம் கிளம்பும் கட்டிடத்தின் கழிவறையை அவர்கள்தான் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

நிறுவனத்தின் ஆண்டு விழா, குழுக் கொண்டாட்டம், கோலப் போட்டி எதையாவது நினைத்துப் பாருங்கள். கோலம் போடுவது நாம். அன்று மாலை அந்தக் கலர்ப் பொடியைத் தரையிலிருந்து கூட்டித் துடைத்து எடுப்பவர்? "எல்லோரும் சேர்ந்து கொண்டாடினோம்" என்ற மின்னஞ்சலின் "எல்லோரும்" எவ்வளவு சின்னது என்று அப்போது தெரியும். ஒருமுறை ஒரு அக்காவிடம் கேட்டேன், "நாளைக்கு எல்லாரும் கோவளம் பீச்சு க்ளீன் பண்ணப் போறோம்க்கா, நீங்க வரலையா?" அவர் என்னைக் கிண்டல் செய்கிறேனா என்று ஒரு கணம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாங்க டெய்லி பண்றமே தம்பி." அதில் கசப்பே இல்லை. வெறும் தகவல். நாளெல்லாம் செய்கிற வேலையை ஒருத்தன் ஒரு நாள் செய்துவிட்டு ஏன் படம் எடுத்துக்கொள்கிறான் என்பது அவருக்கு உண்மையிலேயே விளங்காத விஷயம்.

குப்பை அள்ளுவது நாம் செய்தால் தொண்டு, அவர் செய்தால் வேலை. நமக்குச் சான்றிதழ், அவருக்கு மேற்பார்வையாளரின் "இன்னும் அந்த மூலைய பாக்கலையா?". ஒரே செயல், இரண்டு மதிப்பு. நம் சமூகத்தில் சில வேலைகளைச் சிலர்தான் செய்ய வேண்டும் என்று நினைக்கிறவரை, மற்றவர்கள் அதை ஒருநாள் செய்வது ஒரு நிகழ்ச்சியாகத்தான் இருக்கும். கையுறையும் டி-ஷர்ட்டும் போடுவதற்கு இன்னொரு பயன் இருக்கிறதோ என்று தோன்றும்: இது என் வழக்கமான வேலை இல்லை என்று பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே.

இந்தச் சுவரைத் தட்டிப் பார்த்த முயற்சி ஒன்று பக்கத்து நாட்டில் நடந்தது. 1958 டிசம்பரில், கொழும்பு நாளந்தா கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஏ.டி. அரியரத்ன தன் மாணவர்களைக் கனத்தோலுவ என்ற கிராமத்துக்கு அழைத்துப் போனார். சிங்களச் சமூகத்தில் எல்லோருக்கும் கீழே வைக்கப்பட்டிருந்த ரொடி மக்களின் ஊர் அது. அவர்கள் வீட்டுக்குள் மற்றவர்கள் போகமாட்டார்கள், அவர்கள் கையால் வாங்கிச் சாப்பிடமாட்டார்கள். மாணவர்கள் அங்கேயே தங்கினார்கள், ஊர் மக்களோடு சேர்ந்து மண் வெட்டினார்கள். சிரமதானம் என்ற பெயரில் சர்வோதய இயக்கமாக அது நாடு முழுக்கப் பரவியது அங்கிருந்துதான். பின்னாளில் அந்த இயக்கத்தின் மேல் பல விமர்சனங்கள் உண்டு, அது வேறு கட்டுரை. நான் சொல்ல வருவது தொடக்கத்தைப் பற்றி. வெட்டிய கிணற்றையும் போட்ட பாதையையும் விட, யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதுதான் அங்கே நடந்த வேலை. அதற்குத்தான் தைரியம் தேவைப்பட்டது.

நம் கடற்கரையிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது, சுவரைப் பற்றியது இல்லை, "தன்" பற்றியது. பங்குனி ஆமைகள் முட்டையிட வருகிற பருவத்தில், ஜனவரி முதல் ஏப்ரல்வரை, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடந்து, கூட்டைக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகிறவர்கள். மாணவர்கள் 1988-இல் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழு. எழுபதுகளிலேயே சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த ரோமுலஸ் விடேகரும் சதீஷ் பாஸ்கரும் இந்தக் கரையில் நடந்திருக்கிறார்கள், அதன் தொடர்ச்சி. முப்பது வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு பருவமும் நடக்கிறார்கள். பல இரவுகளில் ஒரு கூடுகூடக் கிடைக்காது. செத்த ஆமைகளை எண்ணிக் குறித்துக்கொண்டு திரும்ப வேண்டியிருக்கும். வராதவனை யாரும் ஏன் வரவில்லை என்று கேட்பதில்லை. வந்தவனிடம் "எந்தக் கம்பெனி?" என்பது முதல் கேள்வியாகவும் இல்லை. இந்தச் சாலையின் அலுவலகங்களிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள், மனிதவளத் துறைக்குத் தெரியாமல். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் அப்படித்தான். பால் பாக்கெட்டும் பாயும் சுமந்துகொண்டு போனவர்கள், யார் எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று இணையத்தில் பட்டியல் போட்டுக்கொண்டே இருந்தவர்கள், யாரும் படிவம் நிரப்பிவிட்டுப் போகவில்லை. அலுவலகம் மூடியிருந்தது. ஒருவேளை அதனால்தான் முடிந்ததோ என்னவோ.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நல்ல பணிச்சூழல், டீம் ஒற்றுமை என்று ஓயாமல் பேசும் இந்தத் துறையில், ஊழியர்கள் தாங்களாகவே சேர்ந்து கட்டுகிற ஒரு குழு உண்டு. அதற்குப் பெயர் சங்கம். 2014 கடைசியில் ஆட்குறைப்புப் பேச்சு கிளம்பியபோது இந்தச் சாலையில்தான் அதற்கான கூட்டங்கள் நடந்தன. ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம், சட்டத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லை என்று தமிழ்நாடு அரசு 2016-இல் தெளிவுபடுத்தியது. கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்து, சக ஊழியர் தாங்கிப் பிடிப்பார் என்று நம்பச் சொல்லும் விளையாட்டு ஒன்றை ரிசார்ட்டுகளில் ஆடவைப்பார்கள். வேலை போகும் நாளில் தாங்கிப் பிடிக்கச் சேர்ந்தவர்களைப் பற்றி அந்த விளையாட்டை நடத்துபவர் பேசிக் கேட்டதில்லை.

அப்படியென்றால் அடுத்த சனிக்கிழமை போகலாமா, வேண்டாமா? இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு இது நிஜமான கேள்வி. வெள்ளிக்கிழமைக்குள் பதில் போட வேண்டும். போங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஏரி யார் வந்தார்கள் என்று பார்ப்பதில்லை, நெகிழி குறைந்தால் அதற்கு நல்லது. போகும்முன் சில விஷயங்களை மனிதவளத் துறையிடம் கேட்டுப் பாருங்கள். வராதவர்கள் பெயர் யாருக்குப் போகிறது? சனிக்கிழமைக்குப் பதிலாக வேலை நாளில் ஏன் வைக்கக் கூடாது? எந்த ஏரி, எந்த வேலை என்பதை ஊராட்சியிலும் அந்த ஊர்க்காரர்களிடமும் கேட்டு முடிவு செய்தீர்களா, இல்லை பேருந்து நிறுத்த இடம் இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்தீர்களா? ஹவுஸ்கீப்பிங்கில் இருப்பவர்கள் வர விரும்பினால், அன்றைய கூலி பிடிக்காமல் அவர்களையும் அழைத்துப் போவீர்களா? அழைத்தால் குப்பை பொறுக்க மட்டுமா, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து அதே பொங்கல் பார்சலைச் சாப்பிடவுமா? கடைசிக் கேள்விக்கு உடனே "கண்டிப்பா" என்பார்கள். முதல் கேள்விக்குத்தான் கொஞ்ச நேரம் அமைதியாக இருப்பார்கள் என்று ஊகிக்கிறேன்.

இன்னொன்றைக் கேட்க மறந்துவிடாதீர்கள். பன்னிரண்டு மணிக்குப் பேருந்து கிளம்பும்போது, கட்டி வைத்த கறுப்பு மூட்டைகள் கரையில் வரிசையாக நிற்கும். அவற்றின் முன்னால்தான் குழுப் படம் எடுத்திருப்போம். ஞாயிற்றுக்கிழமை நாய்கள் இரண்டு மூட்டைகளைக் கிழிக்கும். திங்கட்கிழமை காலை ஊராட்சியின் தூய்மைக் காவலர்கள், பெரும்பாலும் பெண்கள், வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, சிதறியதை மறுபடி அள்ளி, மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். அவர்களிடம் யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்களா?